மொரிஸ் மைனரின் பெற்றோல் தாங்கியை மாற்றுவதும் துருவிலிருந்து காப்பதும்

என்னிடம் இருப்பது 1960ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000, நாலு கதவு. அப்பாவின் கார். யாழ்ப்பாணத்தில் கடற்கரைப் பக்கம் நிற்கிற வண்டி என்பதால் துருவோடு பழக்கம் அதிகம். இந்தக் காரின் தாங்கியைப் பற்றி எல்லோரும் கீழே படுத்துத்தான் பார்ப்பார்கள். அடிப்பக்கம் கறுப்பாக, நன்றாகத் தெரியும். அப்படியே நம்பிவிடாதீர்கள். மைனரின் தாங்கி மேலிருந்து அழுகும்.

டிக்கியில் பலகையைத் தூக்கினால் ஸ்பெயார் சில்லு படுத்திருக்கும். அந்தச் சில்லுக்கு அடியில்தான் தாங்கியின் மேல்தகடு. தாங்கியைச் சுற்றி ஒரு விளிம்பு உண்டு. அது டிக்கித் தரையின் மேல் உட்கார்ந்து, ஸ்குரூக்களால் இறுக்கப்பட்டிருக்கும். டிக்கிக் கதவின் ரப்பர் காய்ந்து போனால் மழைத்தண்ணீர் நேராக இந்த இடத்துக்குத்தான் வரும். சில்லிலிருந்து உதிர்ந்த மண்ணும் உப்புக்காற்றின் ஈரமும் சேர்ந்தால் விளிம்பு முழுவதும் எப்போதும் நனைந்த துணி போலவே இருக்கும். ஆகவே முதல் வேலை, சில்லை வெளியே எடுத்து, மேல்தகட்டைக் கூட்டித் துடைத்து, ஸ்குரூட்றைவரின் பிடியால் மெதுவாகத் தட்டிப் பார்ப்பது. கணீரென்றால் தகடு இருக்கிறது. மொத்தென்றால் உள்ளே செதிலாகிவிட்டது.

உள்ளே துருப்பிடிப்பது வேறு கதை. பெற்றோல் நிற்கிற மட்டத்துக்குக் கீழே துரு குறைவு. காற்று நிற்கிற இடத்தில்தான் ஈரம் குளிர்ந்து சுவரில் படியும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டைக்கு முதலில் கார் ஒன்றுக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான் தந்தார்கள். மைனர் 1000இன் தாங்கி ஆறரைக் கலன், கிட்டத்தட்ட 30 லீற்றர் பிடிக்கும். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பல பழைய கார்கள் மாதக்கணக்காகக் கால் தாங்கியோடு நின்றன. அதற்கு முன்னே, 90களில் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்தபோது இதே கார்கள் சிறிது பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடின. அந்த நாளைய பிசின் இன்னும் சில தாங்கிகளின் அடியில் ஒட்டிக்கிடக்கிறது.

மாற்றுவதா, திருத்துவதா? என் கணக்கு இதுதான். விளிம்பிலோ இரண்டு பாதிகளும் சேரும் மூட்டிலோ ஊசித்துளை ஒன்றுக்கு மேல் இருந்தால் மாற்றுங்கள். துளை இல்லாமல் உள்ளே செம்மண் நிறத்தில் பொடி மட்டும் என்றால் கழுவிப் பாவிக்கலாம். பழைய ஈய ஒட்டுகள் இருந்தால் அவற்றைச் சுற்றியுள்ள தகட்டைப் பாருங்கள். ஒட்டு நிற்கும், பக்கத்துத் தகடு போய்விடும். புதிய தாங்கி இங்கிலாந்தில் செய்து விற்கிறார்கள். பெட்டி பெரியது, கப்பல் செலவும் வரியும் சேர்ந்தால் கை கடிக்கும். 90களில் மைனருக்கு உடற்தகடுகளை இலங்கையிலேயே அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள், இப்போது நாங்கள் அங்கிருந்து வரவழைக்கிறோம்!

வழியில் ஒழுகத் தொடங்கினால், சன்லைட் சவர்க்காரத்தைப் பிசைந்து துளையில் அப்புவது பழைய வைத்தியம். பெற்றோலில் சவர்க்காரம் கரையாது என்பதால் அது வீடுவரை தாங்கும். தண்ணீர் பட்டால் போய்விடும். வீடு வந்து சேரத்தான் அது.

கழற்றுவதற்கு முன் ஒன்று. வெறுமையான தாங்கி, நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது. உள்ளே இருப்பது ஆவி, அது வெடிக்கும். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். எனவே கராஜின் குழிக்கு மேல் வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். திறந்த முற்றத்தில், பகலில், குசினி அடுப்பிலிருந்து தள்ளிச் செய்யுங்கள். பற்றறியைக் கழற்றுங்கள். மைனர் செய்யப்பட்டபோது பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் காரின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. பலர் பின்னர் மாற்றிவிட்டார்கள். எந்த முனை காரின் உடலுக்குப் போகிறதோ அதை முதலில் எடுங்கள். மின்சாரத் துளைகருவி, கிறைண்டர், சிகரெட் எதுவும் அருகில் வேண்டாம்.

அடியிலுள்ள வடிகால் ஆணியைத் திறந்து பெற்றோலை இரும்புக் கானில் பிடியுங்கள். அப்புறம் கீழிருந்து பெற்றோல் குழாயைத் தாங்கியோடு இணைக்கும் யூனியன் நட்டைக் கழற்ற வேண்டும். அறுபது வருடப் பித்தளை இது, முதல்நாள் இரவே ஊடுருவும் எண்ணெய் விட்டு வையுங்கள். இரண்டு ஸ்பானர் போட்டுத் திருப்பினால் குழாய் முறுகாது. டிக்கிக்குள் பெற்றோல் அளவு காட்டும் மீட்டரின் வயரை எடுத்து, கழுத்தின் ரப்பர் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்துங்கள். விளிம்பு ஸ்குரூக்கள் சில உடையும். உடைந்ததைத் தாங்கி வெளியே போன பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிறகு தாங்கியை மேலே தூக்கி எடுக்கலாம்.

பழைய தாங்கியையே பாவிப்பதென்றால், முதலில் வெந்நீரும் சவர்க்காரமும் விட்டுப் பலமுறை அலசுங்கள். பிறகு சின்னச் சங்கிலி ஒன்றை உள்ளே போட்டு, சிற்றிக் அமிலம் கரைத்த வெந்நீரை நிரப்பி ஓர் இரவு வைத்து, காலையில் நன்றாகக் குலுக்குங்கள். தேங்காய் வினாகிரியும் வேலை செய்யும், ஆனால் மெதுவாக. ஊற்றியபின் வாஷிங் சோடாத் தண்ணீரால் அமிலத்தை முறித்து, கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் எடுங்கள். எங்கள் பக்கக் கிணறுகளில் உப்பு, அதை உள்ளே விட்டால் பட்ட பாடெல்லாம் வீண். கழுவிய தகடு ஒரு மணித்தியாலத்தில் மறுபடி சிவக்கும். எனவே உடனே மெதிலேற்றட் ஸ்பிரிட் விட்டுக் குலுக்கி ஊற்றி, வெயிலில் காயவைத்து, கொஞ்சம் பெற்றோலில் ரூ-ஸ்ரோக் எண்ணெய் கலந்து உள்சுவர் முழுவதும் படும்படி உருட்டிவிடுங்கள்.

உள்ளே பூசும் எபொக்சிப் பூச்சை நான் அவ்வளவாக நம்புவதில்லை. எண்ணெயும் துருவும் துளியும் இல்லாத தகட்டில்தான் அது பிடிக்கும். அந்தத் தகட்டைக் கண்ணால் பார்க்கவும் முடியாது. உரிந்தால் தோல் தோலாக உறிஞ்சும் குழாயில் போய் அடைக்கும். பூசத்தான் வேண்டும் என்றால் குழாய்க்குள் பூச்சு இறங்காதபடி காற்று ஊதிக்கொண்டே இருங்கள்.

ஓட்டை சோதிக்க எல்லா வாயையும் அடைத்து, சைக்கிள் பம்பால் மெல்ல இரண்டு மூன்று தரம் அடித்து, மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவுங்கள். கொம்பிரஸர் வேண்டாம், தாங்கி உப்பிவிடும். ஒட்டு வைக்க வேண்டுமானால் அதைப் பழகிய ஆளிடமே விடுங்கள்.

வெளிப்பக்கம்தான் உங்கள் கைத்திறன். வயர் பிரஷ், பொஸ்போரிக் அமிலம் கலந்த துரு மாற்றி, எபொக்சிப் பிறைமர் இரண்டு கோட், பின்பு கறுப்புச் சசி பெயின்ற். மூட்டைச் சுற்றிப் பெற்றோல் தாங்கும் சீலர் ஓடவிடுங்கள். சாதாரண சிலிக்கன் பெற்றோலில் ஊதிப் பிரியும். தாரை நேராகப் பூசுவது எங்களூர் வழக்கம். துருவுக்கு மேல் தார் பூசினால் தண்ணீர் அதன் அடியில் ஒளிந்துகொண்டு, வெளியே அழகாகவும் உள்ளே சல்லடையாகவும் ஆக்கிவிடும். புதிய தாங்கிக்கும் இந்தப் பூச்சு வேண்டும், கடையில் பூசி வருவது பொதியிலிருந்து வண்டிக்கு வரும்வரை காக்கத்தான்.

டிக்கித் தரையின் ஓரத்தையும் அதேபோல் சுரண்டிப் பூசுங்கள். இதை விட்டால் மற்றதெல்லாம் பாதிப் பயன். தாங்கியின் விளிம்புக்கும் இந்தத் தரைக்கும் நடுவே தண்ணீர் குடிக்காத நுரை நாடா வையுங்கள், கடைக் கடற்பஞ்சு வேண்டாம். மீட்டரின் ஏர்த் இணைப்பு தாங்கியின் உடல் வழியாகத்தான் போகிறது. விளிம்பு முழுக்கப் பெயின்ற் இருந்தால் முள் பொய் சொல்லும். ஒரு ஸ்குரூவின் அடியைச் சுத்தமான இரும்பாக விட்டு கிறீஸ் தடவுங்கள். மீட்டரின் தக்கை கஸ்கற்றும் கழுத்தின் ஹோஸும் புதிதாக இருக்கட்டும்.

பொருத்தியதும் ஐந்து லீற்றர் மட்டும் விட்டு, பம்ப் பக்கக் குழாயைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, பம்புக்கு முன் சின்ன பில்டர் போடுங்கள். சுவிட்சைப் போட்டால் மின்சாரத்தில் ஓடும் எஸ்யூ பெற்றோல் பம்ப் டக்டக்கென்று அடித்து நிற்கும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று வாங்குகிறது. கார் ஓடிக்கொண்டே போய் நின்று, தாங்கியின் மூடியைத் திறந்ததும் சரியாகிறது என்றால், மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது.

மாற்றிய பழைய தாங்கியைப் பழைய இரும்பு எடுக்க வருபவருக்குக் கொடுப்பதென்றால், அலசித் தண்ணீரால் நிரப்பி, உள்ளே என்ன இருந்தது என்று சொல்லியே கொடுங்கள். அவர் அதைக் கேஸ் வெட்டியால்தான் வெட்டுவார்.