பெண்ணின் பங்கைப் பற்றி இணையத்தில் வாதிடுவது எப்படி

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விவாதம் மூன்று நாள் நடந்தது. குடும்பத்துப் பெரியவர் ஒருவர் காலமாகி, பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், அவருடைய இரு மகன்களில் மூத்தவர், “தங்கச்சிங்க ரெண்டு பேரும் ஒரு நாள் வந்து விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டா வேலை முடிஞ்சிடும்” என்று எழுதினார். சொத்தில் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித்தரும் பத்திரம் அது. “பொண்ணுங்களுக்கும் பங்கு உண்டே” என்று ஒருவர் பதில் போட்டார். அதன்பின் வந்த எண்பதுக்கும் மேற்பட்ட செய்திகளில் சீர், நகை, கல்யாணச் செலவு, கலாச்சாரம், பெண்ணியம், திராவிடக் கட்சிகள், பொய்வழக்கு என எல்லாம் வந்துபோயின. அந்த இரண்டு பெண்களும் அதே குழுவில் இருந்தார்கள்; ஒரு சொல்கூட எழுதவில்லை. நானும் பெண்கள் பக்கம் நின்று சூடாக எழுதினேன். எழுதியவற்றில் பாதியை நான் சரிபார்த்திருக்கவில்லை. இப்படிப்பட்ட விவாதத்தில் இறங்க நேரும் மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, எதிரில் இருப்பவர் எந்தக் கேள்வியைக் கிளப்புகிறார் என்று கண்டுகொள்வது. சட்டம் என்ன சொல்கிறது என்பது ஒரு கேள்வி. ஊரில் என்ன நடக்கிறது என்பது வேறொரு கேள்வி. எது நியாயம் என்பது மூன்றாவது. முதல் கேள்விக்குச் சட்டப்பிரிவும் தீர்ப்பும் விடை, இரண்டாவதற்குக் கண்டதும் கணக்கெடுத்ததும் விடை, மூன்றாவதற்கு மனிதர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்வதைத் தவிர வேறு வழி இல்லை. நம் விவாதங்கள் முடிவில்லாமல் நீள்வதற்குக் காரணம், ஒருவர் நியாயத்தைக் கேட்க மற்றவர் சட்டப்பிரிவை எடுத்து வீசுவதுதான்.

எங்கள் குழுவில் ஒரு சித்தப்பா, “கல்யாணத்துக்கு அம்பது பவுன் போட்டு, கடன் வாங்கி மண்டபம் பிடிச்சு அனுப்பியாச்சு, இன்னும் என்ன பங்கு?” என்று கேட்டார். சட்டம் போலத் தோன்றினாலும் இது நியாயத்தைப் பற்றிய கேள்வி. சட்டத்தின் விடை ஒரு வரியில் முடிந்துவிடும்: கல்யாணச் செலவும் சீரும் மகளின் வாரிசுரிமையை அழிப்பதில்லை. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் போட்டுவிட்டால் சித்தப்பாவின் வாயை அடைக்கலாமே தவிர, மனத்தை அடைய முடியாது. அன்று நான் எழுதியிருக்க வேண்டிய பதில் இதுதான்: “சித்தப்பா, அந்தக் கடனை அடைக்க வீட்டில் எல்லோரும் பட்ட பாடு உண்மை, அதை யாரும் மறுக்கவில்லை. கணக்குப் பார்ப்பதென்றால் அண்ணன் படித்த பொறியியல் கல்லூரிக் கட்டணத்தையும், தம்பிக்குக் கடை வைக்கக் கொடுத்த முதலையும் சேர்த்தே பார்ப்போம். போட்ட நகையில் எவ்வளவு இன்று அவர்கள் கையில் இருக்கிறது என்பதையும் கேட்போம்.” முறை சொல்லி அழைத்து, அவர் சொன்னதில் உண்மையான பகுதியை ஒப்புக்கொண்டு, அதே அளவுகோலை இரு பக்கமும் வைத்துக் காட்டுவது, பெரியவர்கள் இருக்கும் இடத்தில் அவர்களைக் கூச்சப்படுத்தாமல் வாதிடும் வழி.

சட்டத்தைப் பேசுவதென்றால் பிரிவைப் படித்துவிட்டுப் பேச வேண்டும். மகளின் பங்கைப் பொறுத்தவரை இதில் தேதிகள் மிக முக்கியம். 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், பூர்வீகமாக வரும் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்புரிமை தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே திருமணமான மகளுக்கு அது பொருந்தாது. பின்னர் மத்திய அரசின் திருத்தம் 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தபோது, திருமணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாடு போயிற்று. 2015-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒரு அமர்வு, அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றது. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, மகளின் உரிமை பிறப்பால் வருவது, தந்தை அப்போது உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று தீர்த்து, 2015-இன் நிலைப்பாட்டை நீக்கியது.

அப்படியும் அந்த 2015 தீர்ப்பின் செய்தித்தாள் நறுக்கு இன்றும் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. “1989-க்கு முன்னாடி கட்டிக்கொடுத்த பொண்ணுக்குக் கிடையாது” என்று சொல்பவர்களும் பொய் சொல்லவில்லை, ஒரு காலத்தில் உண்மையாக இருந்ததைச் சொல்கிறார்கள். ஆகவே அவர்களைப் பொய்யர் என்று சொல்லாதீர்கள். “நீங்கள் சொல்வது அப்போது சரி, அதன்பிறகு சட்டம் மாறியிருக்கிறது” என்று சொல்லி, வழக்கின் பெயரையும் ஆண்டையும் கொடுங்கள். தவறாகச் சொன்னவர் மானம் இழக்காமல் பின்வாங்க ஒரு வாசல் திறந்திருந்தால் பெரும்பாலானோர் அதன் வழியே போய்விடுவார்கள்.

நம் பக்கத்துத் தவறுகளையும் இதே கண்டிப்போடு திருத்த வேண்டும். “அப்பாவின் எல்லாச் சொத்திலும் பெண்ணுக்குச் சம பங்கு” என்று நான் அன்று எழுதினேன், அது சரியல்ல. தந்தை தாமே சம்பாதித்து வாங்கிய சொத்தை அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், செட்டில்மெண்ட் செய்யலாம். மகளுக்கு ஒரு சென்ட்கூட வைக்காமல் மகனுக்கே எழுதினாலும் சட்டம் தடுக்காது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரத்தின் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பாணையின் மூலமோ நடந்து முடிந்த பாகப்பிரிவினையையும் 2005 திருத்தத்தைக் காட்டிக் கலைக்க முடியாது. “தாத்தா சொத்து என்றாலே பூர்வீகம்” என்பதும் அப்படியே ஏற்கத்தக்கதல்ல. 1956-க்குப் பின் இறந்த தந்தையிடமிருந்து வாரிசுரிமையாக மகனுக்கு வந்த தனிச்சொத்து, மகன் கையில் தானாகவே கூட்டுக்குடும்பச் சொத்தாகிவிடாது என்று 1986-இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இவற்றை எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டும்வரை காத்திராமல் நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். நமக்குப் பாதகமானதையும் மறைக்காமல் சொல்பவர் என்று தெரிந்துவிட்டால், சாதகமாக நாம் சொல்வதை நம்பக் கேட்பவருக்குக் காரணம் கிடைக்கிறது.

மதத்தை இழுப்பவர்களும் வருவார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் இந்து, சமண, பௌத்த, சீக்கியக் குடும்பங்களுக்கு உரியது. கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும், இஸ்லாமியர்களுக்கு அவர்களுடைய தனிச்சட்டமும் பொருந்தும். இவ்வளவைச் சொல்லிவிட்டு, பேசிக்கொண்டிருக்கும் சொத்து எந்தக் குடும்பத்தினுடையது என்பதற்குத் திரும்பிவிடுங்கள்.

கட்சிப் பேச்சு இதைவிடக் கடினமானது; அதில் நமக்கே பற்று இருக்கும். பெண்ணுக்குச் சொத்துரிமை கொடுத்தது யார் என்ற கேள்வி எழுந்தவுடன் ஒருவர் 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டின் தீர்மானத்தைச் சொல்வார், மற்றொருவர் 1951-இல் அம்பேத்கர் அமைச்சர் பதவியிலிருந்து விலகியதைச் சொல்வார், இன்னொருவர் 2005-இல் மத்தியில் இருந்த ஆட்சியைச் சொல்வார். மூன்றும் நடந்தவை. பெண்ணுக்குச் சொத்துரிமை தரவிருந்த இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியது அம்பேத்கரின் விலகலுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று; செங்கல்பட்டுத் தீர்மானம் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு தமிழ்நாட்டில் சட்டமானது. ஆனால் “இந்தியாவிலேயே தமிழ்நாடுதான் முதலில்” என்று பெருமிதத்தோடு எழுதும்போது, ஆந்திரப் பிரதேசம் இதே போன்ற திருத்தத்தை 1986-இலேயே நிறைவேற்றிவிட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பாராட்டு யாருக்குச் சேரும் என்பதில் தோற்றாலும் வென்றாலும் அந்தப் பெண்ணின் பங்கு ஒரு அங்குலம்கூட அதிகரிக்காது, குறையாது. அந்தப் பேச்சைத் தனியே வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகச் சொல்லி நகர்வதே நல்லது.

இந்த விவாதங்களில் பெரும்பாலும் மூன்றாம் நாளில் வந்து சேர்வது “பொய்வழக்கு”. சொத்துக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவுக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும், பெண்களுக்குச் சட்டம் இடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுவார்கள். கணவனும் அவன் உறவினரும் செய்யும் கொடுமைக்கான இந்தப் பிரிவு 1983-இல் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86-ஆம் பிரிவுகளில் இருக்கிறது. “பெரும்பாலானவை பொய் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது” என்பதற்கு அடிப்படையாகக் காட்டப்படுவது 2014-இன் அர்னேஷ் குமார் தீர்ப்பு. அதில் உள்ள எண்கள், குற்றப்பத்திரிகை தாக்கலாகும் விகிதம் 93.6 சதவீதம், தண்டனை விகிதம் 15 சதவீதம் என்பவை. இந்த இடத்தில் நிதானமாக நின்று விளக்க வேண்டும். தண்டனை கிடைக்காத வழக்கு எல்லாம் பொய்வழக்கு ஆகாது. நான்கு சுவருக்குள் நடந்ததைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது கடினம். பெற்றோர் சமாதானம் பேசிச் சேர்த்துவைத்தால் புகார் கொடுத்தவரே பிறழ்சாட்சி ஆகிவிடுவார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டால் சாட்சிகள் சலித்துப்போவார்கள்.

அதே மூச்சில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தப் பிரிவு தவறாகப் பயன்படுத்தப்படுவதை அதே தீர்ப்பு கடுமையாகவே சுட்டிக்காட்டியது. படுத்த படுக்கையான தாத்தா பாட்டிகளும், பல ஆண்டுகளாக வெளிநாட்டில் வாழும் சகோதரிகளும் கைது செய்யப்படுவதைக் குறிப்பிட்டு, புகார் வந்தவுடன் இயந்திரத்தனமாகக் கைது செய்யக்கூடாது என்று காவல்துறைக்குக் கட்டளையிட்டது. ஆகவே “புகார் கொடுத்தால் குடும்பமே உள்ளே” என்பது இன்றைய சட்டநிலை அன்று. எண் ஒன்று வந்தால் அது எதை எண்ணியது என்று கேட்பதே வழி. நமக்குப் பிடித்த எண்ணுக்கும் இது பொருந்தும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு, 18 முதல் 49 வயதுவரை உள்ள திருமணமான பெண்களில் கணவனின் வன்முறைக்கு எப்போதாவது ஆளானவர்கள் இந்தியாவில் 29.3 சதவீதம், தமிழ்நாட்டில் 38.1 சதவீதம் என்கிறது. இது உடல், பாலியல் வன்முறையை மட்டும், அதுவும் வாழ்நாளில் என்றாவது நடந்ததை, பெண்கள் தாமே சொன்னதைக் கொண்டு எண்ணியது. இதைச் சொல்லாமல் அந்த எண்ணை மட்டும் வீசினால், 15 சதவீதத்தை வீசியவருக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை.

பெண்கள் எழுதும்போது பதில்கள் வேறு திசையில் போவதைக் கவனித்திருப்பீர்கள். ஆண் சொன்னால் கருத்துக்குப் பதில் வருகிறது. அதையே பெண் சொன்னால் அவர் யார் வீட்டுப் பெண், கணவர் என்ன செய்கிறார், ஏன் இந்த நேரத்தில் இணையத்தில் இருக்கிறார் என்று வருகிறது. அப்போது அந்த வசைக்குப் பதில் வசை எழுதாமல், அந்தப் பெண் கேட்ட கேள்வியையே மீண்டும் எடுத்துப் போட்டு, “இதற்கு இன்னும் பதில் வரவில்லை” என்று நினைவூட்டுவது அவருக்கு உண்மையான துணை. அவரைக் கேட்காமல் அவர் சார்பில் பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டாம். பாலியல் குற்றத்துக்கு ஆளான ஒருவரின் பெயரையோ படத்தையோ, நல்ல எண்ணத்தோடுகூட, பகிரவே கூடாது. அவர் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றம்.

எழுதுவது யாருக்காக என்பதை மறக்காமல் இருப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். நம்மோடு மல்லுக்கு நிற்பவர் பெரும்பாலும் மாறமாட்டார். பேசாமல் படித்துக்கொண்டிருப்பவருக்குத்தான் அந்தச் செய்தி தேவைப்படுகிறது. அவருக்குப் புரியும் சொற்களில், அவர் நாளைக்கே செய்யக்கூடிய ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள். விடுதலைப் பத்திரம் பதிவாகிவிட்டால் திரும்பப் பெறுவது மிகக் கடினம், எனவே படிக்காமல் கையெழுத்திட வேண்டாம் என்று சொல்லலாம். சொத்து யார் பெயரில் எப்படி வந்தது என்று காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்கலாம் என்று சொல்லலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்ணுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். இவற்றை எல்லாம் அறிந்த பிறகு அண்ணன் தம்பி உறவு போதும் என்று ஒரு பெண் கையெழுத்திட்டால், அது அவர் முடிவு; நம் வாதத்தை வெல்ல வைப்பதற்காக அவர் வழக்குத் தொடர வேண்டியதில்லை.

எங்கள் விவாதம் ஓய்ந்து பத்து நாள் கழித்து, இளைய தங்கை எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். “வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். அந்த வீடு அப்பா 1981-ல கிரயம் வாங்கினது. உயில் எதுவும் இல்லைன்னு அம்மா சொல்றாங்க.” அதாவது அது பூர்வீகச் சொத்தே அன்று. 1989, 2005, 2020 என்று நாங்கள் மூன்று நாள் மோதிக்கொண்ட எந்தத் தேதிக்கும் அங்கே வேலை இல்லை. உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொந்தச் சொத்தில் மகளுக்கு மகனோடு சமமான பங்கை 1956-இன் சட்டமே கொடுத்துவிட்டது. அதன்படி வீட்டுக்கு ஐந்து சம பங்குகள்: மகன்கள் இருவர், மகள்கள் இருவர், ஐந்தாவது அவர்களுடைய அம்மா. எண்பது செய்திகளையும் மறுபடி படித்துப் பார்த்தேன். அம்மாவின் பங்கைப் பற்றி நான் உட்பட ஒருவரும் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.