பேட்டரியைத் திட்டாதீர்கள், ஒயரைப் பாருங்கள்

அரியமான் பக்கமும் வாலிநோக்கத்திலும் சின்ன டிரெய்லரைக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்து, கரண்ட் இல்லாத இடத்தில் இரண்டு மூன்று ராத்திரி தங்குகிறவர்களை இப்போது பார்க்க முடிகிறது. சந்தோஷம். ஆனால் பழைய ஆட்கள் நாங்கள் பட்டுத் தெளிந்த அதே கோளாறுகளை ஒன்று விடாமல் திரும்பவும் செய்கிறார்கள். ஹிட்ச் (காரையும் டிரெய்லரையும் கோக்கும் கொக்கி) பின் போட மறப்பது, முன்கால் ஸ்டாண்டைத் தூக்காமல் வண்டியை எடுப்பது, ஆர்சி புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது, இதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. முதல் நாளே தானாகப் புத்தி வந்துவிடும்.

தண்ணீர் கேனைப் பின்னால் அடுக்குவது

இந்தக் கரையில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதனால் ராமநாதபுரத்திலேயே கேன்களை நிரப்பிக்கொள்கிறார்கள், சரிதான். ஏற்றி இறக்கச் சுலபம் என்று எல்லாவற்றையும் பின்கதவு ஓரமாக அடுக்குகிறார்களே, அதுதான் வினை. 20 லிட்டர் கேன் ஐந்து என்றால் 100 கிலோ. சக்கர அச்சுக்குப் பின்னால் அவ்வளவு எடை உட்கார்ந்தால் டிரெய்லரின் மூக்கு ஹிட்ச்சை அழுத்தாமல் மேலே தூக்கப் பார்க்கும். வேகம் ஏற ஏற வாலாட்ட ஆரம்பிக்கும்.

டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சின் மேல் இறங்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 700 கிலோ வண்டிக்கு 70 முதல் 105 கிலோ. உங்கள் காரின் கையேட்டில் இதற்கு ஓர் உச்ச வரம்பு போட்டிருந்தால் அதுதான் வேதம். கேன்களை அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு வையுங்கள்.

கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் ஏறும்போது இதன் அருமை தெரியும். பக்கத்தில் ரயில் பாலத்திலேயே காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காது. நமக்குச் சிக்னல் போட ஆள் இல்லை. டிரெய்லர் ஆடத் தொடங்கினால் காரின் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை வெட்டி வெட்டித் திருத்தாதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி வேகம் தானாக இறங்கட்டும்.

"பேட்டரி செத்துப்போச்சுண்ணே"

இந்த வசனத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. சொல்கிறவர் மேல் கோபமில்லை. அதை நம்பி அடுத்த பேட்டரியை விற்கிறார்களே, அதுதான்.

மதுரையிலிருந்து வந்த ஒரு தம்பி. டிரெய்லரில் 12 வோல்ட் ஃபிரிட்ஜ், உள்ளே பாம்பனில் வாங்கிய இறாலும் நண்டும். விடிகாலையில் ஃபிரிட்ஜ் நின்றுபோய் எல்லாம் நாறிவிட்டது. "ஏற்கெனவே ஒரு தடவை இப்படி ஆச்சுண்ணே. கடைக்காரர் சொன்னாருன்னு ரெண்டாவது பேட்டரி வாங்கிப் பழசோட சேர்த்துட்டேன். இப்ப பெரிய சோலார் பேனல் போடச் சொல்றார்" என்றார். வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி மல்டிமீட்டரை வைத்தேன். கார் பேட்டரியில் 14.1. டிரெய்லர் பேட்டரியில் 12.2. காருக்கும் டிரெய்லருக்கும் நடுவே இருந்த 7 பின் பிளக்கைத் தொட்டால் சுட்டது. கழற்றிப் பார்த்தால் மைனஸ் பின்னைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. இன்டிகேட்டருக்கும் பிரேக் லைட்டுக்கும் போட்ட ஒன்றரை ஸ்கொயர் (செம்பின் குறுக்குப் பரப்பு ஒன்றரை சதுர மில்லிமீட்டர்) ஒயரில்தான் பேட்டரி சார்ஜும் வந்துகொண்டிருந்தது. ஊருணியை இளநீர் ஸ்ட்ராவால் நிரப்பப் பார்த்தால் எப்படி?

கணக்கு எளிது. கார் பேட்டரியிலிருந்து டிரெய்லர் பேட்டரிக்கு 8 மீட்டர் என்றால், போக வர 16 மீட்டர். ஒன்றரை ஸ்கொயர் செம்பு ஒயருக்கு மீட்டருக்கு 0.012 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 1.9 வோல்ட் ஒயரிலேயே சூடாகப் போய்விடும். லெட்-ஆசிட் பேட்டரி முழுசாக ஏற 14.4 வோல்ட் வரை கேட்கும். அதற்குக் கிடைப்பதோ 12 சொச்சம். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் வரை ஓட்டினாலும் பாதிகூட ஏறாது. இதே இடத்தில் 10 ஸ்கொயர் ஒயர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்தான்.

ஃபிரிட்ஜ் பக்கமும் இதே கதை. வோல்டேஜ் குறைந்தால் ஃபிரிட்ஜ் தானே நின்றுகொள்ளும். ஆனால் அது பார்ப்பது தன் பிளக்குக்கு வந்து சேரும் வோல்டேஜை. பேட்டரியில் 12.3 இருக்கும்போதே, கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் ஒல்லி ஒயரின் கடைசியில் 11-க்குக் கீழே இறங்கிவிடும். ஃபிரிட்ஜ் சிவப்பு விளக்கைக் காட்டும். ஆள் பேட்டரியைத் திட்டுவார்.

புதுப் பேட்டரியைப் பழசோடு இணையாகச் சேர்ப்பது இதைவிட மோசம். பழசு புதுசையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். கார் புதுசு என்றால் இன்னொரு சிக்கல்: இப்போதைய பல கார்களில் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியை ஏற்றும் ஜெனரேட்டர்) கார் பேட்டரி நிறைந்ததும் வோல்டேஜைக் குறைத்துவிடும். அதற்கு, குறைந்த வோல்டேஜை உயர்த்திக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். ஆனால் அதை அதே ஒல்லி ஒயரின் முனையில் மாட்டினால், வோல்டேஜ் இறங்க இறங்க அது கூடுதல் ஆம்பியரை இழுத்து ஒயரை இன்னும் சூடாக்கும்.

பணம் செலவழிக்கும் முன் ஐந்து நிமிடச் சோதனை. எஞ்சினை ஓடவிட்டு, ஃபிரிட்ஜும் ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கார் பேட்டரி பிளஸ்ஸில், நீளமான ஒயர் சேர்த்த இன்னொரு முனையை டிரெய்லர் பேட்டரி பிளஸ்ஸில் வையுங்கள். காட்டுவது அந்தப் பக்கத்தில் தொலைகிற வோல்ட். மைனஸுக்கும் அதேபோல. இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டைத் தாண்டினால் பேட்டரிக் கடைப் பக்கம் போகாதீர்கள். படகுக்கென்றே வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் வருகிறது, அதை வாங்குங்கள். லக்கை (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) சரியான கருவியால் நசுக்கிப் பிடிக்கவைத்து, டெர்மினலில் வாசலின் தடவுங்கள். இந்த உப்புக் காற்றில் வெறும் செம்பு சீக்கிரமே களிம்பேறிவிடும். மைனஸுக்கு ஹிட்ச் உருண்டையை நம்பாதீர்கள், தனி ஒயர் இழுங்கள்.

அந்தத் தம்பிக்கு ஒயர் மாற்ற ஆன செலவு, இரண்டாவது பேட்டரிக்குக் கொடுத்ததில் கால்வாசிகூட இல்லை.

பேனலுக்குச் சாய்வு ஸ்டாண்ட் வாங்குவது

நாம் இருப்பது 9 டிகிரி அட்சத்தில். கூரை மேல் படுத்துக் கிடந்தாலே போதும். நிமிர்த்தினால் காற்றுக்குத்தான் கொண்டாட்டம்.

பனைமரத்தடியில் நிறுத்துவது

உங்களுக்கு நிழல் வேண்டும், பேனலுக்கு வேண்டாம். ஒரே ஒரு பனையின் தண்டு நிழல் குறுக்கே விழுந்தால் ஒரு வரிசை செல் முழுசாகப் படுத்துவிடும். மடக்குப் பேனல் என்றால் வெயிலில் தள்ளிவைத்து ஒயரை நீட்டலாம். எத்தனை ஸ்கொயர் என்று இனிமேல் சொல்ல வேண்டியதில்லை.

மணலில் இறக்குவது

இறக்காதீர்கள். தார் முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு நடங்கள்.

தனுஷ்கோடியில் ராத்திரி தங்கத் திட்டமிடுவது

விடமாட்டார்கள்.

ஃப்யூஸ் இல்லாமல் தடி ஒயர் இழுப்பது

மேலே படித்துவிட்டு நாளைக்கே 10 ஸ்கொயர் வாங்கப் போகிறவர்களுக்கு: ஒயரின் இரண்டு பக்கமும் பேட்டரி இருக்கிறது. அதனால் இரண்டு முனையிலும் ஃப்யூஸ் வேண்டும், ஒவ்வொன்றும் அதனதன் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள். 40 ஆம்பியர் போதும்.