நன்றிக் குறிப்பு எழுதுவது எப்படி?

நமக்கு நடந்த நல்லவற்றை நன்றியோடு நோட்டில் எழுதிவைப்பதுதான் நன்றிக் குறிப்பு. இரவில் தூக்கம் பிடிக்காத நாட்களில் தொடங்கிய பழக்கம் இது. சேலத்தில் நண்பர்கள் சிலர் முறையைக் கேட்டார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் படி: கோடு போட்ட நோட்டு ஒன்று, பேனா ஒன்று. செல்போன் செயலியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதைத் திறந்தாலே வாட்ஸ்அப் இழுத்துக்கொள்ளும்.

இரண்டாம் படி: முதல் வாரம் தினமும் இரவில் மூன்று நல்ல விஷயங்கள், பிறகு வாரம் ஒருமுறை போதும். உளவியலாளர் சோன்யா லுபோமிர்ஸ்கியின் ஆய்வில் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் மகிழ்ச்சி கூடியது. மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. எதுவும் பழகிவிட்டால் மனம் அதைக் கண்டுகொள்வதில்லை.

மூன்றாம் படியில்தான் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். "குடும்பம், உடல்நலம், வேலை" என்று எழுதுவார்கள். மறுநாளும் அதே மூன்று. நான்காம் நாள் நோட்டு அலமாரிக்குப் போய்விடும். யார், என்ன செய்தார், ஏன் செய்தார் என்று எழுதுங்கள். என் நோட்டிலிருந்து ஒன்று: "ஏற்காடு பஸ்ஸில் மகளுக்குக் குமட்டியது. கேட்காமலேயே நடத்துநர் முன்பக்க ஜன்னலோரம் இடம் மாற்றிக் கொடுத்தார். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் முன்பே அவள் முகம் வெளுத்ததைக் கவனித்திருக்கிறார்." கடைசி வரிதான் முக்கியம். நமக்காக ஒருவர் கவனம் செலவழித்திருக்கிறார் என்பது அந்த "ஏன்" எழுதும்போதுதான் பிடிபடும். உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழு 2005இல் வெளியிட்ட ஆய்விலும் நல்லதோடு அதன் காரணத்தையும் எழுதச் சொன்னார்கள். ஒரு வாரப் பயிற்சிதான். ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது.

உடலுக்கும் நல்லதா என்று கேட்பவர்களுக்கு: உளவியலாளர்கள் எம்மன்ஸ், மெக்கல்லோ இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 10 வாரம் நன்றிக் குறிப்பு எழுதிய மாணவர்கள், எரிச்சலூட்டியவற்றை எழுதியவர்களைவிட அதிகம் உடற்பயிற்சி செய்தார்கள், உடல் உபாதைகளும் குறைவாகவே சொன்னார்கள்.

நான்காம் படி: மாதம் ஒருவருக்காவது நன்றிக் கடிதம் எழுதுங்கள். பழைய ஆசிரியர், பக்கத்து வீட்டு அக்கா, யாராக இருந்தாலும் சரி. சங்கடமாக இருக்குமோ என்று தயங்க வேண்டாம். குமார், எப்லி ஆகியோரின் 2018 ஆய்வில், கடிதம் பெற்றவர்கள் எழுதியவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் மகிழ்ந்தார்கள். சங்கடமோ எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

பின்சேர்க்கை: "வீட்டில் துக்கம் நடந்திருக்கிறது, எழுத எதுவுமே தோன்றவில்லை" என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அம்மா, எழுத வேண்டாம். துக்கத்தின்மேல் நன்றியைப் பூசுவது கொடுமை. மனச்சோர்வுக்கு இந்தப் பழக்கம் தரும் உதவி சிறியதுதான், சிகிச்சைக்கு ஈடாகாது. சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு முன் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.