எரிமலை நடுக்கம்: எங்கே தவறாகப் படிக்கிறோம்?

2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை. ஜப்பானின் ஒண்டாகே மலையில் இலையுதிர்கால வண்ணம் பார்க்க ஏறியவர்கள் பலர் உச்சியில் மதிய உணவுக்கு அமர்ந்திருந்தார்கள். 11.41 மணிக்கு நில அதிர்வுமானிகளில் தொடர் நடுக்கம் பதிவானது. 11.52-க்கு மலை வெடித்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 63 பேர். அதுவரை அந்த மலைக்கு இருந்த எச்சரிக்கை நிலை 1, ஆகக் கீழ்ப்படி.

நடுக்கம் வந்தால் இறங்கி ஓட நேரம் இருக்கும் என்று நம்புவதுதான் முதல் தவறு. மிகக் கொடியதும் அதுவே. மாக்மா என்னும் பாறைக்குழம்பு மேலேறும் மலை நாள்கணக்கில் முனகலாம். நிலத்தடி நீர் கொதித்து நீராவியாக வெடிக்கும் மலையோ சில நிமிடங்களே தரக்கூடும். செப்டம்பர் 10, 11 தேதிகளில் ஒண்டாகேயில் சிறு நிலநடுக்கங்கள் கூடின, பிறகு குறைந்தன. எண்ணிக்கை இறங்கியதும் ஆபத்தும் இறங்கிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று எனக்குத் தெரியாது.

நடுக்கத்தையும் நிலநடுக்கத்தையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் பலர். நிலநடுக்கம் பதிவுக்கோட்டில் வெடுக்கென்று தொடங்கித் தேய்ந்து மறையும். எரிமலை நடுக்கத்துக்குத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது. கோடு தடித்து, கம்பளிப்பூச்சி படுத்திருப்பதுபோல் மணிக்கணக்கில் நீளும். பெரும்பாலும் 1 முதல் 5 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஒன்று முதல் ஐந்து அதிர்வுகள். முதல் அலை எது என்று தெளிவாகத் தெரியாததால், அது எங்கிருந்து வருகிறது என்பதை வழக்கமான முறையில் குறிக்க முடியாது; பல நிலையங்களில் வீச்சு, அதாவது அதிர்வின் அளவு, எப்படிக் குறைகிறது என்று ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரே நிலையத்தை நம்பினால் பலத்த காற்றும், பனியாற்றுக்கு அடியில் பாயும் வெள்ளமும்கூட எரிமலையாகத் தோன்றும்.

வீச்சை வைத்துச் சாம்பல் எட்டும் உயரத்தைச் சொல்லிவிடலாம் என்ற எண்ணமும் உண்டு. 2016 மார்ச்சில் அலாஸ்காவின் பாவ்லோஃப் எரிமலை வெடித்து நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. வெடிப்பு வலுத்தபோது நடுக்கத்துக்கும் சாம்பல் உயரத்துக்கும் இருந்த உறவு, தணிந்தபோது வெகுவாக மாறிவிட்டது. புயல்மழையில் ஆறு எழுப்பும் அதிர்வுக்கும் நீரோட்டத்துக்கும் இடையிலும் இதே கதைதான்: வெள்ளம் ஏறும்போது ஓர் உறவு, வடியும்போது வேறு.

மௌனத்தையும் தவறாகப் படிக்கிறோம். அதே அலாஸ்காவின் ரிடவுட் எரிமலை 2009-ல் வெடித்தபோது, சில வெடிப்புகளுக்கு முன் சிறு நிலநடுக்கங்கள் நெருங்கி நெருங்கி ஒரே ரீங்காரமாயின. அதன் சுருதி 30 ஹெர்ட்ஸ் வரை ஏறியது. சட்டென்று நின்றது. ஒரு நிமிடத்துக்குள் மலை வெடித்தது.