ங என்றால் எத்தனை?

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பதினேழு வருடமாக ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். தெரியாத எண்ணுக்கு ஓர் எழுத்தை வைத்துக் கணக்குப் போடும் பாடம், இயற்கணிதம் என்ற பேரில், ஆறாம் வகுப்புப் புத்தகத்தில்தான் வருகிறது. அப்புறம் எதற்கு அதை ஐந்திலேயே தொடங்குகிற வேலை உங்களுக்கு என்று கேட்கலாம். எங்களிடம் ஐந்து முடித்துப் போன பிள்ளைகள் சந்தையில் பார்த்தால் ஓடி வந்து, "டீச்சர், கணக்குல எக்ஸ்னு ஒண்ணு வந்திருக்குது, ஒண்ணும் புரியல" என்பார்கள். நன்றாகக் கணக்குப் போட்ட பிள்ளைகள்தான். எண்ணே தெரியாமல் எப்படிக் கணக்குப் போடுவது என்பதில்தான் அவர்களுக்குச் சிக்கல். அந்தப் பயத்தை ஐந்தாம் வகுப்பிலேயே எடுத்துவிடலாம். எழுத்துக்கு அவசரமே வேண்டாம். முதல் இரண்டு வாரம் கரும்பலகையில் ஓர் எழுத்துகூட எழுதாதீர்கள்.

வேண்டியது பத்துப் பன்னிரண்டு காலித் தீப்பெட்டி, ஒரு படி புளியங்கொட்டை. எங்கள் மாவட்டத்தில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை, மாசி பங்குனியில் புளி தட்டாத திண்ணை கிடையாது. எல்லாப் பெட்டியிலும் ஒரே எண்ணிக்கையில் கொட்டையைப் போடுங்கள், ஆறு என்று வைத்துக்கொள்வோம். மேலே கொஞ்சம் பஞ்சை அமுக்கி ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். பஞ்சு ரொம்ப முக்கியம். முதல் தடவை நான் பஞ்சு வைக்கவில்லை. வகுப்பே பெட்டியைக் காதோடு வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தது, அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான்.

பெட்டியைக் கொடுக்கும்போதே சட்டத்தைச் சொல்லிவிடுங்கள்: எல்லாப் பெட்டியிலும் ஒரே அளவு, யாரும் திறக்கக் கூடாது. ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, ஒரு பெட்டியும் வெளியே மூன்று கொட்டையும் கையில் கொடுத்து, "உன்கிட்ட மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள்.

"தெரியாது டீச்சர்."

"சரி, தெரிஞ்ச வரைக்கும் சொல்லு."

கொஞ்ச நேரம் ஆகும். விட்டுவிடுங்கள், நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். கடைசியில் வரும்: "பெட்டியில இருக்கறதும், அதோட மூணும்." இது முழு விடை. பாதிப் பேருக்கு இது விடையாகவே தோன்றாது, ஒரே ஓர் எண்ணாக வந்தால்தான் கணக்கு முடிந்தது என்று நாம்தான் ஐந்து வருடமாகப் பழக்கியிருக்கிறோம். அதனால் அதையே அவள் நோட்டில் பெட்டி படம் போட்டு, + 3 என்று எழுதச் சொல்லிச் சிவப்பு மையில் ஒரு டிக் போடுங்கள். அந்த டிக் இல்லாவிட்டால் நம்ப மாட்டார்கள்.

அடுத்து இன்னொரு பையனுக்கு ஒரு பெட்டியும் ஐந்து கொட்டையும். யாரிடம் அதிகம், எவ்வளவு அதிகம்? பெட்டியைத் திறக்காமலே "ரெண்டு" என்று சொல்லிவிடுவார்கள். உள்ளே எத்தனை என்று தெரியாமலே எப்படிச் சொன்னாய் என்று கேட்டால், "அதுவும் இதுவும் ஒண்ணுதான டீச்சர், வுட்டுடலாம்" என்று பதில் வரும். மேல் வகுப்பில் நாலு வரி எழுதிச் செய்வதை இங்கே கையை ஆட்டிச் செய்துவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு என் மனதுக்குப் பிடித்த கேள்வி. ஒருவரிடம் இரண்டு பெட்டி. இன்னொருவரிடம் ஒரு பெட்டியும் நான்கு கொட்டையும். இப்போது யாரிடம் அதிகம்? வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். "ரெண்டு பெட்டிதான் பெருசு" என்று ஒரு கட்சி. அப்போது ஒரு குரல் மெதுவாக எழும்: "உள்ள நாலு இருந்தா ரெண்டு பேருக்கும் சமம் டீச்சர்." நாலுக்குக் குறைந்தால் ஒருவர், கூடினால் இன்னொருவர். பெட்டிக்குள் ஒளிந்திருக்கிற எண் என்ற நிலையிலிருந்து, எதுவாகவும் இருக்கக்கூடிய எண் என்ற நிலைக்குப் பிள்ளைகள் நகர்வது இந்த இடத்தில்தான். முழு பீரியடும் இதற்கே போனாலும் போகட்டும்.

இடையில் ஒரு நாள் சமக்குறியைச் சரி செய்ய வேண்டும். நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், நாளைக்கே உங்கள் வகுப்பில் 8 + 4 = □ + 5 என்று எழுதிப் பாருங்கள். கட்டத்தில் 12 என்று எழுதுவார்கள். சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். 7 எழுதுகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். அவர்களைப் பொறுத்தவரை அந்த இரண்டு கோட்டுக்கு 'விடையை எழுது' என்று அர்த்தம். 12 = 8 + 4 என்று எழுதினால், "டீச்சர் தலைகீழா எழுதிட்டாங்க" என்று சிரிப்பார்கள்.

சட்டை மாட்டும் ஹேங்கரில் இரண்டு கொட்டாங்குச்சியைக் கயிற்றில் தொங்கவிட்டால் தராசு ஆயிற்று. முதல் வருடம் இதில் புளியங்கொட்டையைப் போட்டு மானம் போனது. இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, தட்டு ஒரேயடியாகச் சாய்கிறது. "சமம்னு சொன்னீங்க, சாயுதே?" கொட்டைகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போது சைக்கிள் கடையில் ஒரே அளவு நட்டாக வாங்கி வைத்திருக்கிறேன். இன்னொன்று, நட்டுப் போட்ட தீப்பெட்டி ஒரு தட்டில் இருந்தால் எதிர்த் தட்டில் ஒரு காலிப் பெட்டியை வைத்துவிடுங்கள், பெட்டியின் எடை கணக்கைக் கெடுக்காது. ஒரு பக்கம் பெட்டியும் மூன்று நட்டும், மறுபக்கம் எட்டு நட்டு. இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக எடுக்கச் சொல்லுங்கள், ஐந்து நிற்கும். பெட்டியைத் திறந்து எண்ணச் சொன்னால் சத்தம் தலைமையாசிரியர் அறை வரை போகும்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்கு ஒரு விளையாட்டு. உங்கள் பாட்டியே உங்களிடம் போட்டிருப்பார்: மனதில் ஓர் எண் நினை, அதே அளவு நண்பனிடம் கடன் வாங்கு, நான் 10 தருகிறேன், மொத்தத்தில் பாதியைக் கோயில் உண்டியலில் போடு, நண்பனுக்குக் கடனைத் திருப்பிக் கொடு, மீதி 5! நினைத்தது எதுவானாலும் 5தான். ஏன் என்று தீப்பெட்டியால் செய்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பெட்டி, 10 கொட்டை. பாதி போனால் ஒரு பெட்டி, 5 கொட்டை. நண்பனுக்கு ஒரு பெட்டி. மந்திரம் உடைந்துபோகும், ஆனால் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் 20 தருகிறேன் என்று மாற்றிப் போடுவார்கள்.

இனி எழுத்து. பெட்டி படம் போட்டுப் போட்டுக் கை வலிக்கிறது என்று அவர்களே சொல்லும்வரை காத்திருங்கள். எந்த எழுத்து என்பதில் நான் நிறையத் தவறு செய்திருக்கிறேன். எக்ஸ் எழுதினால் பெருக்கல் குறி என்று நினைக்கிறார்கள். தக்காளிக் கணக்குக்கு 'த' என்று வைத்தேன். 6 × த என்றால் ஆறு தக்காளி என்று படித்தார்கள், நான் சொன்னதோ ஒரு பெட்டித் தக்காளியின் விலையை. எழுத்து பொருளின் பேராகிவிட்டது, எண்ணாகவே இல்லை. அப்புறம்தான் ங கிடைத்தது. ங-வில் தொடங்கும் பொருள் எதுவும் ஊரில் இல்லை. பிள்ளைகள் எதோடும் அதை முடிச்சுப் போட முடியாது.

அதற்கும் ஒரு சோதனை வந்தது. ஒரு பையனின் தாத்தா பழைய பத்திரமெல்லாம் படிப்பவர். "ங-ன்னா மூணுடா" என்று வீட்டில் சொல்லி அனுப்பிவிட்டார். தமிழ் எண்ணில் ௩ என்பது மூன்று, பார்க்க ங மாதிரியே இருக்கும். தாத்தா சொன்னதிலும் தப்பில்லை. அவரை வைத்தே பாடம் நடத்தினேன்: தாத்தாவின் ௩ எப்போதும் மூன்று, நம்முடைய ங இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று.

இப்படி எண்ணுக்காக நிற்கும் எழுத்துக்குப் பேர் 'மாறி', அந்தச் சொல்லைக் கடைசியில் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு மாரியம்மாள் இருந்தாள், பாவம், ஒரு வாரம் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். 'அந்த மாரி' என்று பேசுகிற ஊரில் அதற்கு மூன்றாவது அர்த்தமும் உண்டு. மாறிக்கொண்டே இருப்பதால் மாறி, வல்லின ற என்று எழுதிக் காட்டிவிட்டால் போதும். கூடவே ஒரு கதையும் சொல்லுவேன். 12ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் பாஸ்கரர் தெரியாத எண்ணை 'யாவத் தாவத்' என்றார், எவ்வளவோ அவ்வளவு என்று பொருள். தெரியாதவை இன்னும் இருந்தால் கறுப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களின் பெயர். எக்ஸ், ஒய் எல்லாம் பிரான்ஸ்காரர் தெக்கார்த்து 1637இல் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவை. பிள்ளைகளுக்கு நிறம்தான் பிடிக்கும், தீப்பெட்டிக்குக் கலர் தாள் ஒட்டிவிடுவார்கள்.

6 × ங என்பதை 6ங என்று சுருக்கும் வேலையை ஆறாம் வகுப்புக்கு விட்டுவிடுங்கள். ங 4 என்றால் 64 என்று எழுதிய நோட்டுகள் என்னிடம் உண்டு.

கடைசிப் பாடம் தக்காளி. தக்காளி விளைகிற பாலக்கோட்டுப் பிள்ளைக்கு விலை மாறும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டாம். மண்டிக்கு 6 பெட்டி போகிறது, வண்டி வாடகை 100. ஒரு பெட்டியின் விலை ங. கையில் வருவது 6 × ங − 100. ங 150 என்றால் 800, 300 என்றால் 1700, 700 என்றால் 4100. விலையை அவர்களே சொல்லட்டும், நீங்கள் அட்டவணை மட்டும் போடுங்கள்.

போன வருடம் ஒருவன் 15 என்றான். 90, அதில் 100 போக வேண்டும். குறை எண் இன்னும் நடத்தவில்லை, எப்படிச் சமாளிப்பது என்று நான் யோசிப்பதற்குள், "பத்து ரூபா நம்ம கைய வுட்டுப் போவும்" என்றான் அவனே. பின் வரிசையிலிருந்து ஒருத்தி, "அதுக்குத்தான் எங்கப்பா பறிக்காமயே வுட்டுட்டாரு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அப்படியென்றால் ங எவ்வளவு இருந்தால் கையைக் கடிக்காது என்று கேட்டேன். 16 போட்டுப் பார்த்தார்கள், நாலு ரூபாய் குறைகிறது. 17 போட்டால் இரண்டு ரூபாய் மிஞ்சுகிறது. 17ஐச் சுற்றி வட்டம் போடுவதற்குள் மணி அடித்துவிட்டது. அந்தப் பெண் மட்டும் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "பறிகூலி சேர்க்கலையே டீச்சர், அதுவும் ஆளுக்கு ஆள் மாறுமே?" என்றாள்.

அதற்கு வேறு எழுத்து வேண்டும், நாளைக்கு ஞ வைத்துக்கொள்ளலாம் என்றேன்.