பழைய கவுண்டி எல்லைச் சட்டத்தை வரைபடத்தில் இறக்குவது எப்படி

அமெரிக்காவின் எல்லைப்புற டெரிட்டரிகளில் (இன்னும் மாநிலமாகாத பகுதிகளில்) கவுண்டி, அதாவது மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு, அதன் எல்லை முதலில் காகிதத்தில்தான் பிறந்தது. சர்வே பின்னால் வந்தது, சில இடங்களில் பல ஆண்டுகள் கழித்து. அதனால் இன்றைய வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டு, சட்டம் வந்த ஆண்டின் வரைபடத்தை எடுங்கள்.

முதலில், கோடு போட அதிகாரம் யாருக்கு இருந்தது என்று பாருங்கள். 1787-ஆம் ஆண்டின் வடமேற்குப் பிரதேசச் சட்டம், பூர்வகுடிகளின் நில உரிமை முடிவுக்கு வந்த பகுதிகளைக் கவுண்டிகளாகப் பிரிக்கும் பொறுப்பை ஆளுநரிடம் தந்தது. பிறகு மாற்றும் உரிமை சட்டமன்றத்துக்கு. எனவே மூல ஆவணத்தோடு நிற்காமல் திருத்தங்கள் அத்தனையையும் தேதிவாரியாக அடுக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிய திருத்தம் எளிதில் கண்ணில் படாது.

அடுத்து, எல்லையை விவரிக்கும் பகுதியில் 'அங்கிருந்து' என்று வரும் இடமெல்லாம் வாக்கியத்தை வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனி வரியாக எழுதுங்கள். 1788-இல் ஆளுநர் ஆர்தர் செயின்ட் கிளேர் அறிவித்த வாஷிங்டன் கவுண்டி நல்ல பயிற்சி. பென்சில்வேனியாவின் மேற்கெல்லை ஓஹையோ ஆற்றைக் கடக்கும் இடத்தில் தொடங்குகிறது. ஈரி ஏரி, குயஹோகா ஆறு, டஸ்கராவஸ் ஆறு என்று போகும்வரை சிக்கல் இல்லை. அதன்பின், 1752-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த ஒரு கோட்டை இருந்த இடத்தை நோக்கி மேற்கே ஒரு கோடு. அதுவும் அங்கே போய்ச் சேராது. ஷாவ்னி பூர்வகுடிகளின் ஊரிலிருந்து சாண்டஸ்கிக்குப் போகும் பாதையைத் தொட்டதும் தெற்கே திரும்பி சயோட்டோ ஆற்றில் இறங்கும். அந்தப் பாதையைத் தவறான இடத்தில் வைத்தால் மேற்கெல்லையே நகர்ந்துவிடும். கடைசி வரி தொடங்கிய புள்ளிக்கே திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் ஒரு வரி விடுபட்டிருக்கிறது, அல்லது அச்சுப்பிழை.

விவரங்கள் முரண்பட்டால் பொதுவான முன்னுரிமை இது: ஆறு, மலை போன்ற இயற்கை அடையாளம், நட்ட கல், திசையும் தூரமும், கடைசியாகப் பரப்பளவு.

டவுன்ஷிப் (சர்வே நிலத்தைப் பிரித்த சதுரக் கட்டம்), ரேஞ்ச் (வடக்கு தெற்காக அடுக்கிய டவுன்ஷிப் வரிசை) எண்களால் சொன்ன எல்லை எளிது என்று தோன்றும். டவுன்ஷிப் 6 மைல் சதுரம், அதற்குள் செக்‌ஷன் என்ற 36 சிறு கட்டங்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். 66 அடிச் சங்கிலி 80 சேர்ந்தால் ஒரு மைல். ஆனால் தீர்க்கரேகைகள் வடக்கே போகப்போக நெருங்குவதால், அந்த நெருக்கத்தைச் சரிசெய்யப் போட்ட திருத்தக் கோடுகளில் ரேஞ்ச் கோடு பக்கவாட்டில் விலகி மறுபடி தொடங்கும். எல்லையும் அங்கே படிபோல் ஒடியும். ஸ்கேல் வைத்து நேராக இழுப்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான்.

தீர்க்கரேகை வந்தால் எதிலிருந்து எண்ணியது என்று பாருங்கள். கொலராடோ டெரிட்டரியின் கிழக்கெல்லை, 1861-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாஷிங்டனுக்கு மேற்கே 25 பாகை. கிரீன்விச் கணக்கில் அது சுமார் 102 பாகை 3 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). அந்த 3 கலையை விட்டால் கோடு 4 கி.மீ.க்கு மேல் தள்ளிப்போகும்.

ஆறு எல்லையானால், மெல்ல அரித்து நகரும்போது எல்லையும் கூடவே நகரும். திடீரென வேறு வழியில் பாய்ந்தால் பழைய படுகையிலேயே நிற்கும். மிசௌரி ஆற்றின் 1877-ஆம் ஆண்டுப் பாய்ச்சல் குறித்த நெப்ராஸ்கா–அயோவா வழக்கில் 1892-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுவே.

'நீதி நிர்வாகத்துக்காக' அண்டைக் கவுண்டியோடு இணைத்த பகுதியை அந்தக் கவுண்டியின் எல்லைக்குள் வரையாதீர்கள். அந்தப் பகுதியின் பதிவேடுகளைத் தேட மட்டும் அண்டைக் கவுண்டிக்குப் போங்கள்.