தையல் மெஷின் மேல் குவிந்துகொண்டே இருந்த சாமான்கள்

வாசலை ஒட்டிக் கால்மிதி தையல் மெஷின். சனிக்கிழமை அதைக் காலி செய்தால் புதன்கிழமைக்குள் கரண்ட் பில், கட்டைப்பை, மடிக்காத துணி எல்லாம் மறுபடி ஏறிவிடும். மகளுக்கு வெட்டிய பாவாடைத் துணி 3 வாரம் அப்படியே கிடந்தது.

கூடைகள் வாங்கினேன், அவையும் நிரம்பின. பாதியைப் பரணில் ஏற்றியும் பயனில்லை.

அப்புறம்தான் கவனித்தேன். தைத்து முடித்ததும் பெல்ட்டைக் கழற்றி, மெஷின் தலையை உள்ளே மடக்கி, பலகையை மூடிவிடுகிறேன். உள்ளே வருகிறவர்களுக்கு அது வெறும் மேஜை! இப்போது தலையை நிமிர்த்தியே வைத்திருக்கிறேன், ஊசியில் நூல் கோத்தபடி. தூசிக்கு ஒரு பழைய தலையணை உறை. பைகளுக்குக் கதவோரம் 2 ஆணி.

சாமான் வைக்க இடமில்லாததால் யாரும் வைப்பதில்லை. பெல்ட் மாட்டும் வேலையும் மிச்சம். பாவாடை நேற்று முடிந்தது, அப்பாடா.